கசிவு

முப்பத்தோரு வருஷம் இந்தக் காரைக்குடி ஆய்வுக்கூடத்தில்
தொட்டியில் மின்வாய் தோய்த்தே சோறு தின்றவன் நான்.
கொடுத்த மின்சாரம் கொடுத்த இடத்தில் நிற்காது.
மூலைக்கு ஓடும். விளிம்பில் தடிக்கும்.
பதிவேட்டில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்,
ஊதா மையில், கீழே கையெழுத்துப் போட்டு.

இப்போது தொட்டி என் தலை.
மதுரையில் போட்ட இரண்டு துளை,
கழுத்துத் தோலுக்கடியில் ஒயர்,
காறையெலும்புக்குக் கீழே சோப்பு டப்பா மாதிரி மின்கலம்.
குளிக்கும்போது கை படும். கூச்சமாக இருக்கும்.

முடுக்கிவிட்ட அன்றே கை நின்றது.
ஆறு வருஷமாகச் சோற்றைச் சட்டையில் இறைத்த கை.
பிலோமி ஒரு டம்ளரில் தண்ணீரை
விளிம்பு வரை ஊற்றித் தந்தாள், சோதிக்க.
நான் சிந்தவில்லை.
அவள்தான் சிந்தினாள், மூக்கை.

அளவைக் கூட்டிய மூன்றாம் வாரம் பிலோமி இரண்டானாள்.
தோளை ஒட்டி, கொஞ்சம் மேலே தூக்கி, இன்னொருத்தி.
இருவரும் மாத்திரை போட்டாச்சா என்கிறார்கள்.
நான் பதில் சொல்வது பெரும்பாலும்
இல்லாதவளிடம்.
"நான் இந்தப் பக்கம்" என்று
முகவாயைப் பிடித்துத் திருப்புகிறாள்.

இடக்கண் மூக்கை எட்டிப் பார்க்கிறது.
இமை சில நேரம் மூடினால் மூடியதுதான்.
தூக்கம் இல்லை, வலி இல்லை;
தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று
உள்ளே இருக்கிறவனுக்கே மறந்த மாதிரி.
கட்டைவிரலால் தூக்கிவிட்டால் திறக்கும்.
திறந்தால் வீட்டுத் தரையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்
ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும்.
எதில் கால் வைப்பது?

கல்லுக்கட்டியில் பால் வாங்கித் திரும்பும்போது
யாரோ "ஞானண்ணே" என்றார்கள்.
தலை திரும்பியது. கால் திரும்பவில்லை.
பின்சட்டையைப் பிடித்து இழுத்தது போல மல்லாக்கப் போனேன்.
விழும்போதே பார்த்தேன்,
பால் பாக்கெட்டைப் பிடித்த கை
ஆடவே இல்லை.
அவ்வளவு நிதானமாக நின்றது ஆகாயத்தில்,
எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லாதது போல.

"காலங்காத்தாலயே ஊத்திட்டாரு" என்றார் பூக்கடைக்காரர்.
கோவிலில் அப்பத்தில் நனைத்துத் தருவார்களே,
அந்தத் திராட்சை ரசம் தவிர
நாக்கில் எதுவும் பட்டதில்லை எனக்கு.
சொல்ல வாய் வந்தது. குழறியது.
குழறலைக் கேட்டு அவர் தலையாட்டிக்கொண்டார்.

மதுரையில் ரூபாவதி என்கிற பெண்,
மடியில் டேப்லெட்.
"மூணு புள்ளி ரெண்டு. எத்தனை விரல் சார்?"
நாலு.
காட்டியது இரண்டு.
"இப்ப ரெண்டு புள்ளி நாலு."
இரண்டு விரல், துல்லியமாக, நகப்பூச்சோடு.
மடியில் என் கை
கோழிக்குஞ்சாகத் துடிக்கத் தொடங்கியது.
"மில்லிமீட்டர் கணக்குல தள்ளிக் கண்ணுக்குப் போற நரம்பு சார்,
அங்க கசியுது" என்றாள்,
அவளே ஒழுகவிட்டது மாதிரிக் குரலில்.
கசியும்மா. எனக்குத் தெரியும்.

அதனால் சட்டைப்பையில் ஒரு ரிமோட், இரண்டு நிரல்.
முதலாவதில் கை என்னுடையது.
இரண்டாவதில் தரை.
இரண்டும் ஒன்றாக வேண்டுமென்று
இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்று செக்காலை ரோட்டு வங்கியில்
உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட
முதலாவதை அழுத்தினேன்.
அ. ஞானப்பிரகாசம்.
பழைய அட்டையோடு ஒத்துப் பார்த்த பெண்
"அப்படியே இருக்கு சார்" என்றாள்.
எனக்கு இரண்டு கையெழுத்து தெரிந்தது.
இரண்டுமே நன்றாகத்தான் இருந்தன.

வாசலில் மூன்று படி, ஆறாக.
"மாத்துங்க" என்றாள் பிலோமி.
மாற்றினேன்.
விளக்குப் போல உடனே நடப்பதில்லை;
கைதான் முதலில் உதறும், பிறகு மெல்ல
இரண்டு பிலோமிகளும்
ஒருத்தியை நோக்கி ஒருத்தி நகர்வார்கள்.
உதறும் கையை அவள் பிடித்துக்கொள்ள
அவள் வளையலும் சேர்ந்து ஆடியது.

"இப்ப எத்தனை பேரு?"

"ஒண்ணரை."

அரையை விட்டுவிட்டு
முழு ஆளின் தோளைப் பிடித்து
முதல் படியில் கால் வைத்தேன்.